கண்ணாடி மேல ஒட்டியிருக்கிற தண்ணிப் படலம்: எவ்ளோ தடிமன், எவ்ளோ விசை, எப்போ கிழியும்? காலேஜ் லேப்லயே அளக்கலாம்

ராணிப்பேட்டை பக்கம் ஒரு லெதர் ஃபினிஷிங் யூனிட்ல நான் லேப்ல இருந்தப்போ நடந்தது இது. கருப்பு டாப் கோட் ஸ்ப்ரே பண்ணி முடிச்சு ரெண்டு நிமிஷம் கூட ஆகல, தோல் மேல அங்கங்க குண்டூசி தலை சைஸுக்கு வட்ட வட்டமா கோட்டிங் விலகி நிக்குது, உள்ள அடித்தோல் தெரியுது. ஃபிஷ் ஐனு சொல்லுவாங்க. மேஸ்திரி "இன்னாபா இது, கன்னு சரியில்ல"னு சொல்லி ஸ்ப்ரே கன்னை மாத்தினார், திக்னஸ் மாத்தினார், தின்னர் மாத்தினார், ஒரு வாரம் போச்சு. கடைசில பார்த்தா காத்து லைன் வழியா கம்ப்ரஸர் ஆயில் துளித்துளியா வந்துக்கிட்டு இருந்திருக்கு. எண்ணெய் விழுந்த எடத்துல கோட்டிங் படலத்துக்கு நிக்க இஷ்டம் இல்ல, கிழிஞ்சு ஒதுங்கிடுச்சு, அவ்ளோதான் விஷயம்.

அன்னைலேர்ந்து எனக்கு இந்த சப்ஜெக்ட் மேல ஒரு பைத்தியம். ஒரு திடப்பொருள் மேல மெல்லிசா ஒரு திரவம் படர்ந்து நிக்குதுன்னா அதை நிக்க வெக்கிறது எது, கிழிக்கிறது எது, அதை எப்படி நம்பர்ல சொல்றது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுன்னு தோல் வேலை நடக்குற நம்ம ஊர்ல இது வெறும் பாடப்புத்தக சமாச்சாரம் இல்ல. ப்ராஜெக்ட் பண்ற தம்பி தங்கச்சிங்க நிறைய பேர் என்கிட்ட கேக்குறாங்க, "அண்ணா, ஏஎஃப்எம் இருந்தாதான் சர்ஃபேஸ் ஃபோர்ஸ் அளக்க முடியுமா?"னு. இல்லவே இல்ல. (ஏஎஃப்எம்னா மெல்லிய முனையால பரப்பைத் தடவி விசை அளக்கிற கருவி, சர்ஃபேஸ் ஃபோர்ஸ்னா ரெண்டு பரப்பு கிட்ட வர்றப்போ நடுவுல வர்ற விசை.) பிஎஸ்சி பிசிக்ஸ் லேப்ல நியூட்டன்ஸ் ரிங்ஸ் (ரெண்டு பரப்புல பட்டு திரும்புற வெளிச்சம் வளையமா தெரியறது) ப்ராக்டிகலுக்கு வெச்சிருக்காங்களே, அந்த செட்டப் போதும். எப்படினு முழுசா சொல்றேன்.

மொதல்ல ரெண்டு நிமிஷம் தியரி, இது இல்லாம கீழ சொல்றது புரியாது. தண்ணிப் படலம் ஒரு மைக்ரான், ரெண்டு மைக்ரான் தடிமன்ல இருக்கிற வரைக்கும் அது சாதாரண தண்ணி மாதிரிதான் நடந்துக்கும். 100 நானோமீட்டர் பக்கம் வந்தா கதை மாறும், படலத்தோட மேல் பரப்புக்கு கீழ இருக்கிற கண்ணாடி "தெரிய" ஆரம்பிக்கும். அப்போ ரெண்டு பரப்பும் ஒன்னை ஒன்னு தள்ளும், இல்ல இழுக்கும். ஒரு சதுர மீட்டருக்கு எவ்ளோ தள்ளுதுங்கறதுக்குத்தான் டிஸ்ஜாய்னிங் பிரஷர்னு பேரு, 1930கள்ல ரஷ்யாவுல டெர்யாகின் கொண்டு வந்த கருத்து. இதுல முக்கியமா ரெண்டு பங்கு. ஒன்னு வான்டர்வால்ஸ் விசை (மூலக்கூறுகளுக்கு நடுவுல இயல்பாவே இருக்கிறது), இது தடிமனோட மூனாவது அடுக்குக்கு தலைகீழா போகும். அதோட பலத்தைச் சொல்ற ஹமேக்கர் கான்ஸ்டன்ட் 10-ன் அடுக்கு மைனஸ் 20 ஜூல்னு வெச்சா 100 நானோமீட்டர்ல வெறும் அரை பாஸ்கல், 10 நானோமீட்டர்ல சுமார் 530 பாஸ்கல். இன்னொன்னு மின்னூட்டத்தால வர்ற தள்ளு விசை. கண்ணாடி தண்ணிக்குள்ள நெகட்டிவ் சார்ஜ் எடுத்துக்கும், தண்ணி-காத்து பரப்பும் நெகட்டிவா இருக்கும், அதனால ரெண்டும் தள்ளிக்கும். அந்த தள்ளு எவ்ளோ தூரம் எட்டும்ங்கறதை தண்ணில இருக்கிற உப்புதான் முடிவு பண்ணும், அந்த தூரத்துக்கு பேரு டிபை நீளம். பொட்டாசியம் குளோரைடு 0.1 மில்லிமோலார்ல அது 30 நானோமீட்டர், 1 மில்லிமோலார்ல 9.6, 100 மில்லிமோலார்ல 1 நானோமீட்டருக்கும் கொஞ்சம் கம்மி.

தடிமன் குறையக் குறைய தள்ளுற அழுத்தம் கூடிக்கிட்டே போனா படலம் நிக்கும். தடிமன் குறையறப்போ அழுத்தமும் குறைஞ்சு இழுப்பு பக்கம் போனா, எங்கயோ ஒரு எடம் லேசா மெலிஞ்சாலும் அந்த எடம் இன்னும் மெலியும், கிழியும். ஸ்டெபிலிட்டிங்கறது இதுதான்.

இப்போ வேலைக்கு வருவோம், சுத்தம் பண்றதுலேர்ந்து. இதை யாரும் சீரியஸா எடுத்துக்க மாட்டேங்கறாங்க, ஆனா இந்த வேலையில முக்கால்வாசி நேரம் இங்கதான் போகும், போகணும். நம்ம ஊர் போர் தண்ணி எவ்ளோ கடினம்னு பக்கெட்ல படியற வெள்ளை உப்பைப் பார்த்தாலே தெரியும், அதுல கழுவினா கால்சியம் கண்ணாடியில போய் ஒட்டிக்கும். கால்சியத்துக்கு ரெண்டு சார்ஜ், அதனால அதே அளவு பொட்டாசியத்தை விட ரொம்ப பலமா தள்ளு விசையை அமுக்கிடும். சோப்பு தண்ணில மொதல் கழுவல் வேணா குழாய் தண்ணியா இருக்கலாம், அப்பால முழுக்க டிஸ்டில்ட் வாட்டர்தான், அதுவும் கெமிஸ்ட்ரி லேப்ல கண்ணாடி யூனிட்ல ரெண்டு தடவை வடிச்சது கிடைச்சா நல்லது. டிடிஎஸ் மீட்டர் சைபர் காட்டுதுனு திருப்தி ஆகிடாதீங்க, அது உப்பைத்தான் சொல்லும், எண்ணெயைச் சொல்லாது. அதுக்கு ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு. சுத்தமான கண்ணாடி பாட்டில்ல பாதி தண்ணி ஊத்தி நல்லா குலுக்குங்க, குலுக்கறதை நிறுத்தினதும் மேல வந்த குமிழி எல்லாம் உடனே உடையணும். ரெண்டு மூனு செகண்ட் மேலயே வட்டமா நின்னுச்சுன்னா தண்ணில சோப்போ எண்ணெயோ இருக்கு, அந்த தண்ணி வேணாம்.

மைக்ரோஸ்கோப்புக்கு வெக்கிற கண்ணாடி ஸ்லைடை சோப்புல கழுவி, ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல அலசி, டிஸ்டில்ட் வாட்டர்ல பத்து தடவையாவது அலசுங்க. விரலால பரப்பைத் தொடவே கூடாது, ஓரத்தை இடுக்கியில புடிங்க. ஆசிட்டும் பெராக்சைடும் கலந்து கழுவுற முறை பெரிய லேப்ல உண்டு, அதை நீங்க தனியா பண்ணாதீங்க, ஆல்கஹால் ஒரு சொட்டு கூட கலந்தா வெடிக்கும். கழுவி முடிச்சு ஸ்லைடை செங்குத்தா தூக்குங்க. தண்ணி ஒரே ஷீட்டா, கண்ணாடி இருக்கிறதே தெரியாத மாதிரி வழிஞ்சு, மேலேர்ந்து கீழ நிதானமா மெலியணும். எங்கயாவது ஷீட் பிளந்து ஓட்டை விழுந்தா, துளியா திரண்டா, அழுக்கு இருக்கு, திரும்ப மொதல்லேர்ந்து. இதுக்கு வாட்டர் பிரேக் டெஸ்ட்னு பேரு, பெயின்ட் அடிக்கிற ஃபேக்டரியில எல்லாம் பண்ணுவாங்க. ஒரு கணக்கு வேணும்னா, செகண்டுக்கு 1 மில்லிமீட்டர் வேகத்துல ஸ்லைடை தண்ணிலேர்ந்து இழுத்தா லாண்டாவ்-லெவிச் சூத்திரப்படி சுமார் 1.5 மைக்ரான் படலம் ஒட்டிக்கிட்டு வரும், அதிலேர்ந்து அது வடிஞ்சும் ஆவியாகியும் மெலியும்.

அழுக்கு எவ்ளோனு நம்பர் வேணுமா, அதுக்கு குட்டை முறை. மட்டமா வெச்ச கண்ணாடி மேல தண்ணியை கொஞ்சம் கொஞ்சமா விட்டு 4, 5 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு குட்டை பண்ணுங்க. ட்ராவலிங் மைக்ரோஸ்கோப்பை சைடுலேர்ந்து வெச்சு குட்டையோட அடியில ஒரு ரீடிங், உச்சில ஒரு ரீடிங், வித்தியாசம்தான் உயரம். உயரம் சமம் 2 பெருக்கல் 2.7 மில்லிமீட்டர் பெருக்கல் சைன் தொடுகோணத்துல பாதி, இவ்ளோதான் சூத்திரம் (2.7 தண்ணியோட கேப்பிலரி நீளம், தொடுகோணம்னா தண்ணியோட ஓரம் கண்ணாடியோட பண்ற கோணம்). 2.1 மில்லிமீட்டர் வந்தா தொடுகோணம் 46 டிகிரி பக்கம், 3.8 வந்தா 90 டிகிரி. சொட்டு போட்டோ எடுத்து ப்ரொட்ராக்டர் வெச்சு அளக்கறதை விட இது எனக்கு நம்பிக்கையா இருக்கு. தண்ணி சேர்க்கறப்போ ஒரு உயரம், உறிஞ்சறப்போ ஒரு உயரம் வரும், ரெண்டையும் எழுதுங்க, வித்தியாசம் பெருசா இருந்தா பரப்பு ஒரே மாதிரி இல்லனு அர்த்தம். நல்ல சுத்தமான கண்ணாடியில குட்டையே நிக்காது, பரவி ஓடிடும், அதுதான் நமக்கு வேணும்.

அடுத்தது அசல் அளவீடு. ஒரு குமிழியை தண்ணிக்குள்ள கண்ணாடி மேல அழுத்துறோம், குமிழிக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட தண்ணிதான் நம்ம படலம். டெர்யாகினும் குஸ்ஸாகோவும் 1930கள்ல பண்ணதும் இதுதான், குமிழி வெச்சுத்தான் ஆரம்பிச்சாங்க. குமிழிக்குள்ள இருக்கிற கூடுதல் அழுத்தம் 2 பெருக்கல் பரப்பு இழுவிசை வகுத்தல் ஆரம். 1 மில்லிமீட்டர் ஆரத்துக்கு 144 பாஸ்கல், அரை மில்லிமீட்டருக்கு 288. படலம் வடிஞ்சு வடிஞ்சு, அதோட டிஸ்ஜாய்னிங் பிரஷர் இந்த 144-க்கு சமமாகிற தடிமன்ல நின்னுடும். அப்போ தடிமனை மட்டும் அளந்தா போதும், அழுத்தம் குமிழி சைஸ்லயே இருக்கு. தனியா விசைமானியே தேவையில்ல, எனக்கு இந்த சப்ஜெக்ட்ல ரொம்ப பிடிச்ச எடமே இதுதான்.

நியூட்டன்ஸ் ரிங்ஸ் செட்டப்ல சோடியம் லேம்ப், 45 டிகிரி கண்ணாடி, மேல ட்ராவலிங் மைக்ரோஸ்கோப் எல்லாம் அப்படியே இருக்கட்டும். கீழ லென்ஸும் பிளேட்டும் இருக்கிற எடத்துல ஒரு சின்ன கண்ணாடி தொட்டி வைங்க. உள்ள ரெண்டு கண்ணாடித் துண்டு மேல ஸ்லைடை பாலம் மாதிரி மட்டமா படுக்க வெச்சு, ஸ்லைடுக்கு மேல ஒரு அஞ்சு மில்லிமீட்டர் முங்குற மாதிரி தண்ணி ஊத்துங்க. தண்ணியை முன்னாடியே கொதிக்க வெச்சு மூடி ஆற வெச்சுக்கோங்க, இல்லன்னா தானா சின்னச் சின்ன குமிழி ஸ்லைடுல வந்து ஒட்டும். ஜே மாதிரி வளைச்ச ஊசியால ஸ்லைடுக்கு அடியிலேர்ந்து ஒரே ஒரு குமிழி விடுங்க, அது தானா ஏறி ஸ்லைடுக்கு அடியில போய் உக்காரும். 1 மில்லிமீட்டர் ஆரக் குமிழின்னா தட்டையாகிற எடம் சுமார் 0.6 மில்லிமீட்டர் அகலம் இருக்கும், மைக்ரோஸ்கோப்ல நல்லாவே தெரியும். குமிழி ஆரத்தை சைடுலேர்ந்து ஒரு போட்டோ எடுத்து, ஊசி தடிமனை அளவா வெச்சு கணக்கு பண்ணிக்கலாம். ரெண்டு மில்லிமீட்டர் ஆரத்துக்கு மேல போகாதீங்க, குமிழி உருண்டையா இருக்காது, கணக்கு தப்பும்.

இங்க ஒன்னு முக்கியமா சொல்லணும். டிஸ்போஸபிள் பிளாஸ்டிக் சிரிஞ்ச் வேணவே வேணாம். ரப்பர் வழுக்கிட்டு போறதுக்காக உள்ள சிலிகான் ஆயில் தடவியிருப்பாங்க, அது தெரியாம ரெண்டு வாரம் எடுத்த ரீடிங் மொத்தத்தையும் நான் தூக்கிப் போட்டிருக்கேன். ஒவ்வொரு குமிழியும் ஒரு மெல்லிய சிலிகான் தோலோட வந்திருக்கு, அந்த ராணிப்பேட்டை கம்ப்ரஸர் ஆயில் கதையேதான், ஆள் மட்டும் வேற. கண்ணாடி சிரிஞ்ச் வாங்குங்க, வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் இருக்கிற சர்ஜிக்கல் கடைங்கள்ல கேட்டுப் பாருங்க, இல்ல கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்ல இருக்கும்.

சரி, குமிழி உக்காந்துச்சு. கண்ணை மைக்ரோஸ்கோப்ல வெச்சதும் மஞ்சள்-கருப்பு வளையங்க தெரியும், ஒவ்வொன்னா நகர்ந்து மறையும். பக்கத்து பக்கத்து கருப்பு வளையத்துக்கு நடுவுல தடிமன் வித்தியாசம் 221 நானோமீட்டர், சோடியம் வெளிச்சத்தோட அலைநீளம் 589-ஐ 2.66-ஆல (தண்ணியோட ஒளிவிலகல் எண் 1.33-ஐப் போல ரெண்டு மடங்கு) வகுத்தா வரும். நடுவுல தடிமனா, ஓரத்துல மெலிசா ஒரு பள்ளம் மாதிரி உருவாகும், பயப்படாதீங்க, ஓரம் சீக்கிரம் வடிஞ்சு நடுத் தண்ணியை மாட்ட வெச்சிடுது, கொஞ்சம் கொஞ்சமா அதுவும் வெளிய வரும். மெலிய மெலிய வேகம் பயங்கரமா குறையும், நிமிஷக்கணக்குல ஆகும். கடைசி கருப்பு நடுவுல வந்தப்போ தடிமன் 110 நானோமீட்டர். அதுக்கப்புறம் நடு எடம் மறுபடி வெளுக்க ஆரம்பிச்சா, 110-க்கு கீழ இறங்கிட்டோம்னு அர்த்தம். அந்த வெளுப்பு ஒரு அளவுக்கு வந்து அப்படியே நிக்கும், மொதல் தடவை அது நிக்கிறதைப் பார்த்தப்போ எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது, ஏன்னா அங்க நிக்க வெச்சிருக்கிறது கண்ணாடியோட சார்ஜ்.

தடிமன் கணக்குக்கு ஃபோனை ஐபீஸ்ல ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, ப்ரோ மோட்ல எக்ஸ்போஷரை பூட்டி, ரா ஃபைலா எடுங்க. ஜேபெக்ல ஃபோன் வெளிச்சத்தை அதுவா வளைச்சு வெச்சிரும், நம்பர் பொய்யாயிடும். இமேஜ்ஜேனு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல நடு எடத்தோட பிரகாசத்தை படிங்க. வடியறப்போ வந்த அதிகபட்ச பிரகாசம், குறைஞ்சபட்ச பிரகாசம் ரெண்டையும் குறிச்சு வெச்சு, இப்போதைய பிரகாசம் கழித்தல் குறைஞ்சதை, அதிகம் கழித்தல் குறைஞ்சதால வகுங்க. தொட்டி மேல் பரப்புலேர்ந்து வர்ற தேவையில்லாத வெளிச்சமும் இதுல அடிபட்டுப் போயிடும். வர்ற விகிதத்துக்கு வர்க்கமூலம் எடுத்து, அதோட காஸ் இன்வர்ஸ் ரேடியன்ல போட்டு, 70.3-ஆல பெருக்கினா நானோமீட்டர்ல தடிமன். விகிதம் 0.25 வந்தா 74 நானோமீட்டர், 0.5 வந்தா 55. இது கடைசி கருப்பு தாண்டின பிறகுதான் செல்லும், மறந்துடாதீங்க.

எந்த உப்பு அளவுல ஆரம்பிக்கணும்னா 0.1 மில்லிமோலார். 7.46 கிராம் பொட்டாசியம் குளோரைடு ஒரு லிட்டர்ல கரைச்சா 100 மில்லிமோலார், அதுல 1 மில்லிலிட்டர் எடுத்து ஒரு லிட்டர் ஆக்கினா வேலை முடிஞ்சுது. சமையல் உப்பு வேணாம், அதுல அயோடினும் கட்டியாகாம இருக்க போடுற பொருளும் இருக்கு. இந்த கரைசல்ல ரெண்டு சைஸ் குமிழி விடுங்க, 1 மில்லிமீட்டரும் அரை மில்லிமீட்டரும். அழுத்தம் ரெண்டு மடங்கு, தடிமன் வித்தியாசம் டிபை நீளத்தோட 0.69 மடங்கு வரணும், அதாவது சுமார் 21 நானோமீட்டர். வந்துச்சுன்னா நீங்க மின்னூட்ட விசையை நிஜமாவே அளந்துட்டீங்க. நாலஞ்சு சைஸ் குமிழி வெச்சு அழுத்தத்தோட லாகரிதத்தை தடிமனுக்கு எதிரா போட்டா நேர்கோடு வரும், சாய்வுலேர்ந்து டிபை நீளம் கிடைக்கும். 1 மில்லிமோலார்ல படலம் இன்னும் மெலிசாகறதை கண்ணாலயே பார்க்கலாம், ஆனா ரெண்டு குமிழிக்கு வித்தியாசம் 7 நானோமீட்டர்தான், இந்த செட்டப்ல அதை நம்பி எழுதாதீங்க. உப்பே போடாத தண்ணியும் வேணாம், காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சு அதுவா அயனிகளை உண்டாக்கும், உங்க கட்டுப்பாட்டுல இருக்காது.

நேரம் விடியக்காலைதான், அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சா எட்டுக்குள்ள முடிச்சிடலாம். வேலூர் வெயில் பத்தி சொல்லவே வேணாம், ஃபேன் போட்டா தண்ணி அலையுது, போடலன்னா ஆவியாகி உப்பு அளவு ஏறுது. 25 டிகிரில மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன் இருக்கிற பரப்பு இழுவிசை 40 டிகிரில 69.6 ஆகும், அது பெரிய விஷயமில்ல, ஆவியாகறதுதான் எதிரி. அதிர்வும் உண்டு, நான் சத்துவாச்சாரில ஹைவேக்கு கிட்ட வீட்டு ரூம்ல செட் பண்ணப்போ லாரி போற ஒவ்வொரு தடவையும் வளையம் நடுங்குச்சு. காத்து பாதி அடிச்ச பைக் ட்யூப் மேல ஒரு கடப்பா கல்லை வெச்சு அதுக்கு மேல எல்லாத்தையும் வெச்சேன், அடங்கிடுச்சு.

கிழியறதைப் பார்க்கணும்னா சுத்தமான படலம் பிரயோஜனமில்ல, அது மணிக்கணக்கா நிக்கும். சிடிஏபினு ஒரு பாசிட்டிவ் சார்ஜ் சோப்பு கெமிஸ்ட்ரி லேப்ல இருக்கும், தலைக்கு போடுற கண்டிஷனர்ல இருக்கிற ஜாதி. அதை 0.01-லேர்ந்து 0.1 மில்லிமோலார் வரைக்கும் போடுங்க. மூலக்கூறு தலையை கண்ணாடி பக்கம் வெச்சு வாலை வெளிய நீட்டிக்கிட்டு ஒட்டும், கண்ணாடி தண்ணிய வெறுக்கிற பரப்பா மாறிடும். இப்போ குமிழி விட்டா வளையம் நகரும், நகரும், திடீர்னு ஒரு புள்ளியிலேர்ந்து பட்டுனு திறந்து குமிழி கண்ணாடியில ஒட்டிக்கும். தாதுப்பொருளை குமிழியில ஏத்தி பிரிக்கிற ஃப்ளோட்டேஷன் முறையே இதை நம்பித்தான் ஓடுது. 0.9 மில்லிமோலாருக்கு மேல போனா ரெண்டாவது அடுக்கு தலைகீழா ஒட்டி, கண்ணாடி மறுபடி தண்ணிய விரும்பும், படலம் திரும்ப நிக்கும். இந்த ரெண்டு திருப்பத்தையும் ஒரே நாள்ல பார்க்கிற மாதிரி பிளான் பண்ணுங்க. தண்ணிய வெறுக்கிற பரப்புங்களுக்கு நடுவுல தூரத்துலேர்ந்தே வர்ற அந்த இழுப்பு எங்கேர்ந்து வருதுனு ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ள ரொம்ப வருஷமா விவாதம், பரப்புல ஒளிஞ்சிருக்கிற நானோ குமிழிகளுக்கும் அதுல பங்கு உண்டு.

குமிழி தொட்ட நொடிக்கும் கிழிஞ்ச நொடிக்கும் நடுவுல எவ்ளோ நேரம்னு வீடியோ வெச்சு 20 தடவை எடுங்க, ஒவ்வொரு தடவையும் ஸ்லைடுல வேற எடம். ஒரே எடத்துல திரும்பத் திரும்ப சீக்கிரம் கிழிஞ்சா அது விசை இல்ல, அங்க ஒரு தூசி இருக்கு. அழுக்குல கிழியறதுக்கும் படலம் தானா நிலைகுலைஞ்சு கிழியறதுக்கும் வித்தியாசம் இன்னொரு வழியிலயும் தெரியும். தானா கிழியற படலத்துல ஓட்டைங்க கிட்டத்தட்ட சம இடைவெளில வரும், அந்த இடைவெளி தடிமனோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும், நேரம் அஞ்சாவது அடுக்குக்கு போகும். தடிமன் ரெண்டு மடங்குன்னா கிழிய 32 மடங்கு நேரம். இதை வ்ரிய் 1966ல சோப்பு படலத்துக்கு சொன்னார், திடப்பொருள் மேல இருக்கிற படலத்துக்கு ரக்கன்ஸ்டீனும் ஜெயினும் 1974ல கணக்கு போட்டாங்க, நம்ம நாட்டுல ஐஐடி கான்பூர்ல அசுதோஷ் சர்மா இதுல நிறைய வேலை பண்ணியிருக்கார்.

10 நானோமீட்டருக்கு கீழ போகணும்னாதான் பெரிய கருவி தேவை. மைக்கா தகடு ரெண்டை குறுக்கா வெச்சு ஒரு நானோமீட்டர்ல பத்துல ஒரு பங்கு வரைக்கும் தூரம் பார்க்கிற கருவியை டேபரும் விண்டர்டனும் 1969ல ஆரம்பிச்சாங்க, இஸ்ரேலாச்விலியும் ஆடம்ஸும் 1970கள்ல அதை தண்ணிக்குள்ள கொண்டு போனாங்க. ஏஎஃப்எம் முனையில சின்ன கண்ணாடி உருண்டை ஒட்டி விசை எடுக்கிற முறை 1991ல வந்தது. உங்களுக்கு ஏஎஃப்எம் டைம் கிடைச்சுதுன்னா படம் எடுக்கறதுல செலவழிக்காதீங்க, ஃபோர்ஸ் கர்வ் (தூரத்துக்கு எதிரா விசை வரைபடம்) கேளுங்க, முனையைத் தாங்குற கேன்டிலிவரோட ஸ்ப்ரிங் கான்ஸ்டன்டையும் உருண்டை ஆரத்தையும் ஆபரேட்டர்கிட்ட எழுதி வாங்குங்க. விசையை ஆரத்தால வகுத்துதான் போடணும், இல்லன்னா வேற யாரோட ரீடிங்கோடவும் ஒப்பிட முடியாது. போறப்போ குமிழி டெஸ்ட்ல பாஸான அதே ஸ்லைடுலேர்ந்து வெட்டின துண்டையும், அதே பாட்டில் கரைசலையும், மூடின கண்ணாடி டப்பாவுல கொண்டு போங்க.